காணும் கண்ணும் கேளாத வினாவும்: ஈடிப்பஸ் மன்னனின் தன்மயக்கம்

துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேச முற்படும் எவரும் கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்கிளீசின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தைக் கடந்து செல்ல இயலாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் 'கவிதையியல்' இயற்றிய அரிஸ்டாட்டில், கதைப்போக்கின் தலைகீழ்த் திருப்பத்துக்கும் உண்மை உணர்தலுக்கும் இந்நாடகத்தையே சான்றாகக் காட்டினார். ஒப்பிலக்கிய வகுப்புகளில் நாமும் இதனைக் கற்பித்து வருகிறோம். ஆயின் நம் வகுப்பறைகளில் இந்நாடகம் பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று ஊழ், மற்றொன்று செருக்கு. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று முன்னரே குறிக்கப்பட்டவன் அதிலிருந்து தப்ப இயலவில்லை என்பது முதல் விளக்கம். தன் அறிவைக் குறித்துச் செருக்குற்றவன் தண்டிக்கப்பட்டான் என்பது இரண்டாவது. இரண்டும் எளியவை, தேர்வுத்தாளில் எழுத வசதியானவை. நாடகத்தைப் படிக்காமலேயே எழுதத்தக்கவை என்பதுதான் நம் வருத்தம்.

ஊழ் என்று சொல்லி முடித்துவிட்டால் மன்னன் ஒருவன் தன் நாட்டார் முன்னிலையில் எதைக் கேட்டான், எதைக் கேட்காமல் விட்டான் என்னும் ஆய்வுக்கு இடமில்லாமற் போகிறது. செருக்கு என்று முடித்துவிட்டால், மக்களின் துயரைத் தன் துயராகக் கொண்டு இரவெல்லாம் உறக்கமின்றி அலையும் நல்ல மன்னன் ஒருவன் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறான். நாடகத்தை வரிவரியாகப் படிக்கும்போது நாம் காண்பது வேறு. அறிவுக்கூர்மை மிக்க ஓர் அரசன், தன் முன் அடுத்தடுத்து வைக்கப்படும் சான்றுகளை அந்த அறிவுக்கூர்மையைக் கொண்டே விலக்கிக்கொண்டு போகிறான். அவன் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்காமலிருக்கிறான். இதனையே இக்கட்டுரையில் 'தன்மயக்கம்' என்னும் சொல்லால் குறிக்கிறோம். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளல் என்பது அதன் பொருள்.

டெல்ஃபியில் விடைபெறாத வினா

இந்நாடகம் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகரத்தில் அரங்கேறியது. உலகம் போற்றும் இப்படைப்பு அவ்வாண்டுப் போட்டியில் முதற்பரிசு பெறவில்லை. ஈஸ்கிலசின் மருகர் ஃபிலோக்கிளீஸ் என்பவரே வென்றார் எனப் பழங்குறிப்பு ஒன்று கூறும். அவையில் அமர்ந்திருந்தோர் அனைவரும் ஈடிப்பசின் கதையை முன்னரே அறிந்தவர்கள். ஆதலால் கொலைஞன் யார் என்பது அவர்களுக்குப் புதிராக இருந்திருக்க முடியாது. இத்தனை அறிகுறிகள் கண்முன் கிடக்க இவன் எவ்வாறு அறியாதிருக்கிறான் என்பதையே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பர்.

கதையின் முற்பகுதியை மாணவர்க்குக் கூறும் வரிசையிலேயே இங்கும் சுருக்கித் தரலாம். தீப்ஸ் நாட்டு மன்னன் லாயஸ், தன் மகனாலேயே தனக்குச் சாவு என்னும் அப்பல்லோவின் வாக்கைக் கேட்டு அஞ்சி, பிறந்து மூன்று நாளும் நிறையாத குழந்தையின் இரு கணுக்கால்களையும் சேர்த்துப் பிணித்து மலையில் எறிந்துவிடுமாறு பணிக்கிறான். இடையன் இரக்கங்கொண்டு குழந்தையைக் கொரிந்து நாட்டு இடையன் ஒருவனிடம் தருகிறான். மகப்பேறற்ற கொரிந்து மன்னன் பாலிபஸ் அதைத் தன் மகனாக வளர்க்கிறான். குழந்தைக்கு அமைந்த 'ஈடிப்பஸ்' என்னும் பெயருக்கு வீங்கிய பாதத்தை உடையவன் என்று பொருள்.

இனி வருவதுதான் நாம் நின்று நோக்க வேண்டிய இடம். விருந்தொன்றில் குடிமயக்கிலிருந்த ஒருவன், ஈடிப்பஸ் அவன் தந்தைக்குப் பிறந்த மகன் அல்லன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். வளர்ப்புப் பெற்றோர் அதை மறுத்துச் சினக்கின்றனர். ஆயினும் அச்சொல் அவன் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருக்கிறது. பெற்றோர் அறியாமல் டெல்ஃபிக்குச் சென்று அப்பல்லோவிடம் கேட்கிறான். அவன் கேட்கச் சென்றது தன் பிறப்பைப் பற்றி. அதற்கு விடை கிடைக்கவில்லை. மாறாக, தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்னும் கொடிய வாக்கே கிடைக்கிறது. உடனே அவன் கொரிந்துக்குத் திரும்புவதில்லை என முடிவு செய்து எதிர்த்திசையில் நடக்கிறான்.

யார் என் தந்தை என்னும் ஐயத்துடன் சென்றவன், தந்தையைக் கொல்வாய் என்னும் வாக்கைக் கேட்டவுடன், தந்தை யார் என்பது ஐயமறத் தெரிந்தவனைப்போல் நடந்துகொள்கிறான். அச்சம் ஐயத்தை விழுங்கிவிட்டது. பெற்றோர் யாரெனத் தெரியாதவன் செய்யத்தக்கது என்ன? தன்னினும் மூத்த ஆடவன் எவனையும் கொல்லாதிருத்தல். தன்னினும் மூத்த பெண் எவளையும் மணவாதிருத்தல். இதை உணர்வதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஆனால் விடைபெறாத வினாவை மனத்தில் திறந்தபடியே வைத்திருக்கும் துணிவு தேவை. ஈடிப்பஸ் அதை மூடிவிட்டான். மூன்று வழிகள் கூடும் இடத்தில் தன்னை வழியைவிட்டு விலக்கித் தாக்கிய முதியவரையும் அவருடன் வந்தோரையும் கொன்றதும், பின்னர்த் தீப்சில் கைம்பெண்ணாயிருந்த அரசியை மணந்ததும் அதன்பின் நிகழ்ந்தவை. இக்கதையை அவனே நாடகத்தின் நடுவில் ஜோகாஸ்டாவிடம் தன் வாயால் சொல்கிறான். சொல்லும்போதும் விடுபட்ட வினா அவனுக்குத் தென்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. பல்லாண்டு ஆட்சி செய்து நான்கு மக்களைப் பெற்ற பின்னரும், தனக்கு முன் அரியணையில் இருந்த மன்னன் எவ்வாறு இறந்தான் என்பதை ஈடிப்பஸ் விசாரித்ததில்லை. இது பொருந்தாத செய்தி என்பதை அரிஸ்டாட்டிலே கண்டு, அது நாடக நிகழ்ச்சிக்கு வெளியே நிற்பதால் பொறுக்கத்தக்கது என்று அமைதி கூறினார். 1718இல் தாமே ஓர் ஈடிப்பஸ் நாடகத்தை அரங்கேற்றிய பிரெஞ்சு அறிஞர் வால்டேர் அதைப் பெருங்குறையாகச் சாடினார். நாம் அதைக் குறையாகக் கருதவில்லை. விருந்தில் கேட்ட சொல்லையும் டெல்ஃபியில் கிடைக்காத விடையையும் அப்பால் ஒதுக்கி வைத்தவன், முன்னவனின் சாவையும் ஒதுக்கி வைத்தான் என்பதில் வியப்பில்லை. ஆளின் இயல்பு அது.

அரசனின் செவி

நாடகம் தொடங்கும்போது தீப்சில் கொள்ளைநோய். பயிர் கருகுகிறது, கருவில் குழந்தைகள் இறக்கின்றன. மக்கள் அரண்மனை வாயிலில் கூடி வேண்டுகின்றனர். அவர்கள் கேட்பதற்கு முன்பே மைத்துனன் கிரியோனை டெல்ஃபிக்கு அனுப்பிவிட்டான் ஈடிப்பஸ். திரும்பி வந்த கிரியோன், செய்தியை உள்ளே சென்று தனியே சொல்லட்டுமா என்று கேட்க, மக்கள் எல்லார் முன்னிலும் சொல் என்கிறான். ஒளிவுமறைவற்ற ஆட்சிக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. இந்த வெளிப்படைத்தன்மையே பின்னர் அவனுக்கு ஒதுங்க இடமில்லாமற் செய்துவிடுகிறது என்பதையும் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

லாயசைக் கொன்றவனை நாட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்பது அப்பல்லோவின் வாக்கு. தப்பி வந்த ஒருவன் கூறியபடி கொள்ளையர் பலர் கூடிக் கொன்றனர் என்கிறான் கிரியோன். ஈடிப்பஸ் மறுமொழி கூறும்போது கொள்ளையன் என்று ஒருமையில் பேசுகிறான். கிரேக்க மூலத்தில் இந்த எண் வேறுபாடு தெளிவாக உள்ளது. மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இது மறைந்துவிடுவதால் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். அதே மூச்சில், நகரத்திலுள்ள யாரேனும் பணம் கொடுத்துத் தூண்டாமல் கொள்ளையனுக்கு இத்துணிவு வந்திராது என்று ஊகிக்கிறான். ஒருமை, மனத்தின் அடியிலிருந்து தவறி வந்த சொல். சதி என்னும் ஊகம், அரசனின் பழக்கம். இரண்டும் ஒரே தொடரில் நிற்கின்றன. நாடகம் முழுதும் இவ்விரண்டின் போராட்டமே எனலாம்.

பின்னர்ப் பார்வையற்ற முதியவரான குறிசொல்வோர் டைரீசியஸ் வருகிறார். உண்மையைச் சொல்ல மறுக்கிறார். வற்புறுத்தப்பட்டபோது, தேடப்படும் கொலைஞன் நீயே என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். இதனினும் நேரான உரை இருக்க முடியாது. ஈடிப்பஸ் அதை எவ்வாறு எதிர்கொள்கிறான்? இது கிரியோனின் சூழ்ச்சி, என் அரியணையைப் பறிக்கக் குறிகாரனுக்குக் கூலி கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டுகிறான். கண் மட்டுமன்று, செவியும் அறிவும் குருடு என்று முதியவரை ஏளனம் செய்கிறான். ஸ்பிங்க்ஸ் விடுத்த புதிரைத் தீர்த்தது குறிகாரர் அல்லர், தானே என்று நினைவூட்டுகிறான்.

தமிழ் அளவை மரபில் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் பேசப்படுவதை நாம் அறிவோம். ஈடிப்பசுக்குக் கருதலில் மட்டுமே நம்பிக்கை. புதிரை வென்றது கருதலால். அரசுரிமை கிடைத்தது கருதலால். உரையாக வருவதை உடனே அதன் பொருளிலிருந்து பிரித்து, சொன்னவன் யார், அவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று ஆராயத் தொடங்கிவிடுகிறான். அரசனுக்கு இது வேண்டிய பண்பே. தன்னிடம் வரும் ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு நோக்கம் இருக்கக்கூடும் என்று எண்ணாத அரசன் நெடுநாள் ஆள முடியாது. ஆயின் அதே பண்பு, தன்னைப் பற்றிய உண்மை தன்னை வந்து எட்டாதவாறு காக்கும் அரணாகவும் ஆகிவிடுகிறது. தன்னைச் சுட்டும் சொல் எதுவும் அரசியற் செய்தியாக மாறிவிடுகிறது. இவன் செவி கேளாதது அன்று. கேட்பதையெல்லாம் வேறொன்றாக மாற்றிக் கேட்கும் செவி.

இவ்வுரையாடலில் மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடும் இடம் ஒன்று உண்டு. டைரீசியஸ் புறப்படும் வேளையில், உன்னைப் பெற்றவர்கள் என்னை அறிவுடையவன் என்றே கருதினர் என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்கிறார். ஈடிப்பஸ் சட்டென்று நிற்கிறான். போகவேண்டாம் என்று தடுத்து, என்னைப் பெற்றவர் யார் என்று கேட்கிறான். அத்தனை சினத்தின் நடுவே அந்தப் பழைய வினா ஒரு கணம் மேலே வந்துவிட்டது. இந்த நாளே உன்னைப் பிறப்பிக்கும், அழிக்கவும் செய்யும் என்ற கருத்தில் முதியவர் விடையிறுக்க, ஈடிப்பஸ் அதைப் புரியாத பேச்சு என்று தள்ளிவிடுகிறான். வினா மீண்டும் கீழே போய்விடுகிறது. வினா அவனிடம் இல்லாமலில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

தொடர்ந்து கிரியோனுடன் நிகழும் வாக்குவாதத்தில் ஈடிப்பஸ் அவனுக்கு நாடுகடத்தல் போதாது, சாவே வேண்டும் என்கிறான். நீர் எதையும் உணராமல் பேசுவதாயிருந்தால் என்ன செய்வது என்று கிரியோன் கேட்கும்போது, அப்படியாயினும் ஆளவேண்டியது ஆளத்தான் வேண்டும் என்னும் கருத்தில் விடை வருகிறது. அறிவால் அரியணை பெற்றவன் அறிவு இல்லாவிடினும் ஆட்சி தொடரவேண்டும் என்று சொல்லும் நிலைக்கு இங்கே வந்துவிட்டான். இக்காட்சிக்கு விரிவான விளக்கம் தேவையில்லை.

வழியைக் கேட்டான், காலைக் கேட்கவில்லை

நாடகத்தின் நடுப்பகுதியில் ஜோகாஸ்டா கணவனை அமைதிப்படுத்த முயல்கிறாள். குறிவாக்குகள் பொய்க்கும் என்பதற்குத் தன் வாழ்க்கையையே சான்றாகக் காட்டுகிறாள். லாயஸ் மகனால் சாவான் என்றனர். ஆனால் அவனைக் கொன்றவர்கள் வேற்றுநாட்டுக் கொள்ளையர், மூன்று வழிகள் கூடுமிடத்தில். குழந்தையையோ கணுக்கால்களைப் பிணித்து மலையில் எறிந்தாயிற்று. அவள் சொன்ன சில தொடர்களுக்குள் இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று மூன்று வழி. மற்றொன்று பிணித்த கணுக்கால். ஈடிப்பஸ் முதலாவதைக் கேட்டவுடன் நடுங்குகிறான். இடம் எது, காலம் எது, லாயசின் தோற்றம் எது, உடன் வந்தோர் எத்தனை பேர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறான். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞன் கூட இவ்வளவு ஒழுங்காகக் கேட்கமாட்டான். லாயஸ் நெடிய உருவினன், தலை நரைக்கத் தொடங்கியவன், தோற்றத்தில் உங்களுக்கு அதிகம் வேறுபடாதவன் என்றும் அவள் சொல்லிவிடுகிறாள். அச்சொல்லும் காற்றில் போகிறது.

கணுக்காலைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. தன் பெயரே வீங்கிய பாதத்தைச் சொல்லுகிறது. தன் கால்களில் தழும்பு இருக்கிறது. மனைவி, பிறந்தவுடன் கால் பிணிக்கப்பட்ட ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுகிறாள். ஸ்பிங்க்சின் புதிர் காலையில் நான்கு காலும் நண்பகலில் இரண்டு காலும் மாலையில் மூன்று காலும் கொண்ட உயிரைப் பற்றியது என மரபு கூறும். நாடகத்தில் அப்புதிர் விரித்துச் சொல்லப்படவில்லை. அவையோர்க்கு அது தெரியும். கால்களைப் பற்றிய புதிருக்கு மனிதன் என்று விடை சொன்னவனுக்குத் தன் காலில் எழுதியிருந்த விடை தெரியவில்லை.

தெரியவில்லையா, தெரிந்துகொள்ளவில்லையா? இதற்கான விடையை நாடகமே பின்னர்த் தருகிறது. கொரிந்திலிருந்து வந்த தூதன், ஈடிப்பஸ் பாலிபசின் மகனல்லன் என்பதை வெளிப்படுத்தி, உன் கணுக்கால்களே அதற்குச் சாட்சி என்கிறான். அப்போது ஈடிப்பஸ் அந்தப் பழைய துன்பத்தை ஏன் எடுக்கிறாய் என்று வேதனைப்படுகிறான். தொட்டில் நாள் முதல் தான் சுமந்துவரும் இழிவு அது என்கிறான். ஆகவே தழும்பை அவன் மறந்தவனல்லன். நாள்தோறும் அறிந்தே இருந்தான். அது நினைக்கக்கூடாத ஒன்றாக இருந்ததால் சான்றாகவும் ஆகவில்லை.

லாயசைக் கொன்றது தானாக இருக்கலாம் என்னும் அச்சம் பிறந்தபின் அவனுக்கு எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை இலக்கண எண்தான். கொள்ளையர் பலர் என்று தப்பியவன் சொன்னானே. பலர் என்றால் நான் அல்லேன். ஒருவனும் பலரும் ஒன்றாக மாட்டார் என்று கணக்குப் பார்க்கிறான். நாடகத்தின் தொடக்கத்தில் ஒருமையில் பேசிய அதே வாய் இப்போது பன்மையைப் பற்றிக்கொள்கிறது. தப்பி வந்த அந்த வேலைக்காரன், ஈடிப்பஸ் அரியணையில் இருப்பதைக் கண்டவுடன் ஜோகாஸ்டாவின் கையைப் பற்றி, நகரம் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்குத் தன்னை அனுப்பிவிடுமாறு மன்றாடினான் என்பதும் இவ்விடத்தில் சொல்லப்படுகிறது. ஏன் மன்றாடினான் என்று கணவனும் கேட்கவில்லை, மனைவியும் கேட்டதில்லை. அவனை அழைத்துவர ஆணை பிறக்கிறது. அவனும் வருகிறான். ஆனால் கொள்ளையர் ஒருவரா பலரா என்று கேட்பதற்காக வரவழைக்கப்பட்டவனிடம் அந்த வினா நாடகம் முடியும்வரை கேட்கப்படவே இல்லை. அதற்குள் பிறப்பைப் பற்றிய வினா மற்றெல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்று வழிக் கொலையில் தப்பியவனும், குழந்தையை மலைக்குக் கொண்டுசென்ற இடையனும் ஒருவனே என்று சோஃபோக்கிளீஸ் அமைத்திருப்பது இதற்காகவே போலும்.

அறியாமையா, அறிந்தும் மறைத்தலா

இந்நாடகம் பற்றிய ஆய்வுகள் கடலளவின. நமக்கு வேண்டியவை சிலவே. 1957இல் பெர்னார்ட் நாக்ஸ், ஈடிப்பசின் பேச்சில் நீதிமன்றம், மருத்துவம், கணிதம் ஆகிய துறைகளின் சொற்கள் நிறைந்திருப்பதைக் காட்டி, அவனில் அக்கால ஏதென்சு நகரத்தின் அறிவு நம்பிக்கையையே கண்டார். 1966இல் இ. ஆர். டாட்ஸ், மாணவர்கள் இந்நாடகத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளும் முறைகளை ஒரு கட்டுரையில் எடுத்து மறுத்தார். ஈடிப்பஸ் தன் ஒழுக்கக் கேட்டுக்காகத் தண்டனை பெற்றான் என்பதும், அவன் விதியின் கைப்பாவை என்பதும் அவர் மறுத்தவற்றுள் அடங்கும். நம் வகுப்பறைச் சொற்கள் இரண்டும் அங்கேயே மறுக்கப்பட்டுவிட்டன என்பதை நினைக்கும்போது சிறிது கூச்சமாகவே இருக்கிறது. இதற்கு எதிர்முனையில், 1971இல் ஃபிலிப் வெல்லகாட் என்னும் மொழிபெயர்ப்பாளர், ஈடிப்பஸ் உண்மையைத் தொடக்கம் முதலே அறிந்திருந்தான் என்று ஒரு நூல் முழுதும் வாதிட்டார்.

டாட்ஸ் கூறுவதுபோல் ஈடிப்பஸ் குற்றமற்றவன் என்பதை ஏற்கிறோம். கொலையும் மணமும் அறியாது செய்தவை. சோஃபோக்கிளீசே தம் இறுதிக்காலத்தில் எழுதிய 'கொலோனசில் ஈடிப்பஸ்' நாடகத்தில், அச்செயல்கள் தான் செய்தவை என்பதைவிடத் தனக்கு நேர்ந்தவை என்று முதிய ஈடிப்பசை வாதிடச் செய்கிறார். ஆனால் செயலில் குற்றமின்மை வேறு; அறிதலில் பொறுப்பின்மை வேறு. வெல்லகாட் கருத்தையும் நாம் முழுமையாக ஏற்க இயலவில்லை. எல்லாம் அறிந்தவன் நாட்டார் முன்னிலையில் தானே தன்மேல் சாபமிட்டுக்கொள்வானா? இடையனை வரவழைப்பானா? தன்மயக்கம் என்பது அறிவுக்கும் அறியாமைக்கும் இடைப்பட்ட நிலம். அங்கே ஒருவன் எந்தத் திசையில் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் அறிந்திருக்கிறான். அத்திசையில் என்ன இருக்கிறது என்பதை அறியான்.

அரிஸ்டாட்டில் துன்பியல் தலைவனின் வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூறிய 'ஹமார்த்தியா' என்னும் சொல்லையும் இங்கே கருதலாம். தமிழில் இதைக் குற்றம் என்றும் குறை என்றும் எழுதிவருகிறோம். இச்சொல்லின் வினை வடிவம் எய்த அம்பு இலக்கைத் தவறுதலைக் குறிக்கப் பயன்பட்டது. இலக்குப் பிழை என்று கொண்டால் ஈடிப்பசுக்கு மிகவும் பொருந்தும். அவன் எய்த அம்புகள் எல்லாம் கூரியவை. இலக்கு மட்டும் அவன் நின்ற இடத்திலேயே இருந்தது.

ஜோகாஸ்டாவின் நிலை வேறு. கொரிந்துத் தூதன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அவள் கணவனைக் கெஞ்சுகிறாள்: இதற்குமேல் தேடவேண்டாம். அவளது வழி, அறிந்தபின் மறைத்துக்கொண்டு வாழ்தல். ஈடிப்பசோ தன் இழிபிறப்பு வெளிப்பட்டால் அரசிக்கு இழுக்கு என அவள் நாணுவதாக எண்ணிக்கொள்கிறான். தன்னை நற்பேற்றின் மகன் என்று அழைத்துக்கொள்கிறான். அவனுடைய கடைசி மயக்கம் இது. மிகவும் அழகானதும் இதுவே. ஆயினும் தேடுவதை அவன் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடையன், சொல்லக் கொடிய சொல்லின் விளிம்பில் நிற்கிறேன் என்று தயங்கும்போது, கேட்கக் கொடியதன் விளிம்பில் நானும் நிற்கிறேன், ஆயினும் கேட்டாக வேண்டும் என்ற கருத்தில் ஈடிப்பஸ் விடை கூறுகிறான். இத்தேடலை எந்தக் குறிவாக்கும் விதிக்கவில்லை. தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்றுதான் அப்பல்லோ கூறினார். அதைக் கண்டுபிடிக்கும்வரை விடமாட்டான் என்று கூறவில்லை. ஊழ் முடிந்த இடத்திலிருந்துதான் நாடகம் தொடங்குகிறது.

கணுக்காலும் காற்சிலம்பும்

தமிழ் ஆசிரியர் இந்நாடகத்தைப் படிக்கும்போது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வருவது இயல்பு. அங்கும் நோயுற்ற நீதி ஒன்று உண்டு; அங்கும் சான்று காலைச் சார்ந்தது. கண்ணகி சிலம்பை உடைக்க, உள்ளிருந்த மாணிக்கப் பரல் தெறிக்கிறது. தேவியின் சிலம்பில் முத்துப் பரல் என்பது பாண்டியனுக்குத் தெரியும். அந்தக் கணமே உண்மை விளங்குகிறது. அந்தக் கணமே உயிர் நீங்குகிறது. பாண்டியன் செய்ததும் கேளாத வினாவின் விளைவே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டவன் கோவலனைக் கேட்கவில்லை. ஆனால் பாண்டியனின் தவறு ஒரு வேளைக்குரியது. தன்மயக்கம் என்று சொல்லும் அளவுக்கு அது வேரூன்றியதன்று. அவனுக்குச் சான்று வெளியிலிருந்து, இன்னொருத்தியின் காற்சிலம்பாக வந்தது. ஈடிப்பசுக்குச் சான்று தன் உடம்பிலேயே, தன் பெயரிலேயே இருந்தது. இந்த வேறுபாட்டைக் கருதாமல் இருவரையும் ஊழின் இரையானோர் என ஒரே வரியில் சேர்த்துவிடும் ஒப்பாய்வுகள் இரண்டு நூல்களுக்கும் நன்மை செய்யவில்லை.

முடிவிலும் இருவரும் பிரிகின்றனர். பாண்டியனுக்கு அரியணையிலேயே சாவு வாய்க்கிறது. தூக்கிட்டு இறந்த ஜோகாஸ்டாவின் ஆடையிலிருந்த பொன்னூசிகளால் ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான், சாகவில்லை. எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது என்று முதியோர் குழு கேட்கிறது. துன்பங்களைக் கொணர்ந்தது அப்பல்லோ, கண்ணைக் குத்தியது என் கையே என்று அவன் இரண்டையும் பிரித்துச் சொல்கிறான். ஊழுக்கு உரியதை ஊழுக்கும், தனக்கு உரியதைத் தனக்கும் பகிர்ந்தளிக்கும் இவ்விடை, நாடகம் முழுவதிலும் அவன் ஆற்றிய ஒரே பிழையற்ற தீர்ப்பு என்று நமக்குத் தோன்றுகிறது.

கிரேக்க மொழியில் 'அறிவேன்' என்று பொருள்படும் 'ஓய்டா' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் 'கண்டிருக்கிறேன்' என்பது. ஈடிப்பசின் பெயரின் முற்பகுதியும் அதே ஒலியை உடையது. பெயரின் ஒரு பாதி அறிவையும் மறு பாதி அடியையும் ஒலிக்க, இரண்டையும் இணைத்துப் பார்க்காதவன், பார்த்த நாளில் கண்களை வேண்டாமென்றான். கீழுலகில் தந்தையையும் தாயையும் எந்தக் கண்களால் பார்ப்பேன் என்பது அவன் கூறும் காரணம். செவிகளையும் அடைக்க முடியுமானால் அடைத்திருப்பேன் என்றும் சொல்கிறான். டைரீசியசைச் செவிடும் குருடும் என்று ஏசியவன் இப்போது அவ்விரண்டையும் தனக்கே வேண்டுகிறான்.

இத்தனைக்குப் பின்னும் அரசனின் பழக்கம் போகவில்லை. புதிதாக ஆட்சிப் பொறுப்பேற்ற கிரியோனிடம் தன்னை உடனே நாடுகடத்தும்படி ஆணையிடுவதுபோலவே பேசுகிறான். ஜோகாஸ்டாவின் அடக்கத்தைப் பற்றிப் பணிக்கிறான். மக்களைப் பற்றி ஏற்பாடுகள் சொல்கிறான். கிரியோனோ தெய்வத்தைக் கேட்டபிறகே முடிவு செய்வேன் என்கிறான். உள்ளே செல்லும் வேளையில் சிறுமியர் இருவரையும் விடமாட்டேன் என்று ஈடிப்பஸ் பற்றிக்கொள்ள, எல்லாவற்றையும் ஆள நினையாதே, நீ ஆண்டவை உன்னுடன் கடைசிவரை வரவில்லை என்னும் பொருள்படக் கிரியோன் சொல்கிறான். ஈடிப்பஸ் அதற்கு மறுமொழி கூறவில்லை. குழந்தைகளின் கையை விட்டுவிட்டு, பிறர் வழிநடத்த உள்ளே செல்கிறான்.